ஃபாலோ-த்ரூ: பந்து போன பிறகு கிளப் எங்கே போக வேண்டும், ஏன்

கோல்ஃப் கிளப்பின் முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் சுமார் 2,000-இல் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, கிளம்பிவிடுகிறது. அதன் பிறகு கையை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும், உடம்பை எப்படித் திருப்பினாலும் பந்தின் பாதை மாறாது. அதனால் பலர் கேட்கும் கேள்வி நியாயமானதே: பந்து போன பிறகு நடக்கிற ஒன்றுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

மெனக்கெடத்தான் வேண்டும், ஆனால் காரணம் தெரிந்து செய்ய வேண்டும். டிவியில் பார்த்த வீரரைப் போலக் கடைசியில் நின்று காட்டுவதால் ஒரு மீட்டர்கூடக் கூடாது. அடி தப்பாக விழுந்த பிறகு கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டால் அது வெறும் போஸ். ஃபாலோ-த்ரூ வேலை செய்வது கிளப் பந்தைத் தொடுவதற்கு முன்னால்தான்.

மேலிருந்து கிளப் இறங்கிப் பந்தை அடைய ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. நடுவில் யோசித்துத் திருத்த அந்த நேரம் போதாது. ஆகவே டவுன்ஸ்விங் தொடங்கும்போதே உடம்பிடம் முழுத் திட்டமும் தயாராக இருக்கும். அந்தத் திட்டம் ‘பந்தை அடி’ என்பதோடு முடிந்தால், தசைகள் பந்துக்கு முன்பே பிரேக் போடத் தொடங்கும். இடுப்பு நிற்கும், கை முந்தும், மணிக்கட்டு மடங்கும். ஓட்டப் பந்தயத்தில் கோட்டிலேயே நிற்க நினைப்பவர் கோட்டுக்குச் சில அடி முன்பே தளர்ந்துவிடுவார், அது மாதிரி. திட்டம் ‘இடது தோளுக்கு மேல் கை போய்ச் சேரும்வரை திரும்பு’ என்று இருந்தால் பந்து வழியில் வருகிற ஓர் இடம், அவ்வளவுதான். கிளப் அந்த இடத்தை முழு வேகத்தோடு கடக்கும்.

இரண்டாவது காரணம், ஃபினிஷ் ஒரு சாட்சி. டவுன்ஸ்விங்கில் நடந்ததைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆனால் ஸ்விங் முடிந்து நீங்கள் நிற்கும் நிலை அசையாமல் இருக்கிறது, அதைப் படிக்கலாம். எடை எந்தக் காலில் நிற்கிறது, முழங்கை எப்படி மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளாடுகிறீர்கள் என்பதெல்லாம் அரை விநாடிக்கு முன் நடந்த கோளாறைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, உடம்பின் பாதுகாப்பு. டிரைவர், அதாவது நெடுந்தூர அடிக்கான நீளமான கிளப், அதன் தலை சுமார் 200 கிராம். சாதாரண ஆட்டக்காரர் கையிலேயே அது மணிக்கு 140, 150 கி.மீ. வேகத்தில் போகும். அந்த வேகத்தை நிறுத்தத் தூரம் வேண்டும். நீளமாகச் சுற்றி நிறுத்தினால் சுமை முதுகு, தோள், இடுப்பு, தொடை என்று பிரிந்துபோகும். இடுப்பளவிலேயே கையால் இழுத்து நிறுத்தினால் மொத்தமும் இடது முழங்கையிலும் தோளிலும் விழும்.

பந்திலிருந்து ஃபினிஷ் வரை

இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஃபாலோ-த்ரூவின் தலையெழுத்து இம்பாக்ட்டில், அதாவது கிளப் பந்தைத் தொடும் கணத்தில், பாதிக்கு மேல் எழுதப்பட்டுவிடும். அப்போது எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் இடது காலுக்கு வந்திருக்க வேண்டும். இடுப்பு இலக்கின் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும், தோள்கள் அதற்குச் சற்றுப் பின்தங்கி வரும். அயர்ன், அதாவது தட்டையான உலோகத் தலை கொண்ட கிளப், என்றால் கைகள் பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் இருக்கும். கிளப் பந்தைத் தொட்ட பிறகும் கொஞ்சம் இறங்கி, சில செ.மீ. தள்ளித்தான் தன் வளைவின் அடிப்புள்ளிக்கு வரும். நல்ல ஆட்டக்காரர்களின் டிவட், அதாவது பெயர்ந்த புல்திட்டு, பந்து இருந்த இடத்திலிருந்து இலக்குப் பக்கமாக நீள்வது இதனால்தான். டிரைவரில் கதை வேறு. பந்து டீ என்ற சிறு முளையின் மேல், இடது குதிகாலுக்கு நேராக இருப்பதால் அடிப்புள்ளி முதலில் வந்துவிடும், கிளப் ஏறுமுகத்தில் பந்தைச் சந்திக்கும். இரண்டிலும் ஃபினிஷ் ஒன்றேதான். டிரைவருக்கென்று தனியாகப் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டியதில்லை.

பந்தைத் தாண்டியதும் கவனிக்க வேண்டிய இடம், கிளப்பின் ஷாஃப்ட், அதாவது தண்டு, மறுபக்கம் தரைக்கு இணையாக வரும் நிலை. இங்கே இரண்டு கைகளும் முழுசாக நீண்டிருக்க வேண்டும். பேக்ஸ்விங்கிலிருந்து, அதாவது கிளப்பைப் பின்னால் தூக்கியதிலிருந்து, மடங்கி வந்த வலது கை, பந்து போன பிறகுதான் முற்றிலும் நேராகிறது. கிளப் தலையின் நுனி ஏறக்குறைய வானத்தைப் பார்க்கும். கிளப்பின் முகம் தரையைப் பார்த்தால் முன்கைகள் அளவுக்கு மீறி உருண்டுவிட்டன என்று பொருள், ஹூக் வரும், அதாவது பந்து இடப்பக்கம் வளைந்து போகும். முகமே வானத்தைப் பார்த்தால் மூடாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள், பந்து வலப்பக்கம் போகும். மார்பு இந்த நேரத்தில் பந்தைத் தாண்டி இலக்கின் பக்கம் திரும்பியிருக்கும். மார்பு இன்னும் பந்தையே பார்த்துக்கொண்டு கைகள் மட்டும் முன்னால் ஓடியிருந்தால், அடுத்த கட்டத்தில் இடது முழங்கை மடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்குப் பிறகு இடது கை மடங்கத் தொடங்கும். மடங்கலாம், மடங்கவும் வேண்டும். முழங்கை தரையைப் பார்த்து மடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இலக்கை நோக்கிக் கூர்மையாக வெளியே நீட்டிக்கொண்டு மடங்கினால் அது நோயின் அறிகுறி, அதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது. வலது கை மார்புக்குக் குறுக்கே போகும், வலது தோள் தாடைக்குக் கீழே வந்து தலையையும் தன்னோடு திருப்பிக்கொண்டு போகும்.

கடைசி நிலையை வலது ஷூவிலிருந்து படியுங்கள். பெருவிரல் பக்கத்து நுனி மட்டும் தரையைத் தொட்டு, குதிகால் செங்குத்தாக நின்று, அடிப்பாகம் முழுவதும் பின்னால் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த நுனியில் எடையே இருக்கக் கூடாது, சமநிலைக்கு ஒரு விரல் ஊன்றியிருப்பது போல இருந்தால் போதும். குதிகால் பாதி தூக்கி, பாதத்தின் முன்பகுதி அழுந்தி நின்றால் எடையில் கணிசமான பங்கு இன்னும் பின்னாலேயே இருக்கிறது. சந்தேகமிருந்தால் வலது காலை அப்படியே தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். உடம்பை எந்தப் பக்கமும் சாய்க்காமல் எடுக்க முடிந்தால் எடை போய்ச் சேர்ந்துவிட்டது.

இடது பாதம் மெல்ல வெளி விளிம்புக்கு உருண்டிருக்கும், அது சரிதான். முழங்கால்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். பெல்ட்டின் பக்கிள் இலக்கைப் பார்க்கும், மார்பு இலக்கையோ அதற்குச் சற்று இடப்பக்கமோ பார்க்கும். இரண்டு தோள்களில் இலக்குக்கு அருகில் இருப்பது வலது தோள். கைகள் இடது காதுப் பக்கம், ஷாஃப்ட் பின்கழுத்துக்குக் குறுக்கே. முதுகு ஏறக்குறைய நேராக, இடது காலுக்கு மேல் அடுக்கியது போல. பந்து விழும்வரை இப்படியே நில்லுங்கள். நிற்க முடியாத வேகத்தில் நீங்கள் அடித்திருந்தால், அந்த வேகம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

முதுகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1960, 70-களில் ஜாக் நிக்லஸ், ஜானி மில்லர் போன்றவர்கள் இடுப்பை முன்னே தள்ளி, மேலுடம்பைப் பின்னே வளைத்து முடிப்பார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் திருப்பிப் போட்ட ‘சி’ எழுத்து. அந்தப் படங்கள் அழகானவை. ஆனால் அந்த வளைவு கீழ்முதுகை அழுத்துவதால் இன்று பெரும்பாலும் யாரும் அப்படிச் சொல்லித் தருவதில்லை. நிமிர்ந்த ஃபினிஷே போதும்.

‘தலையைக் கீழேயே வை’ என்ற அறிவுரை

ஃபாலோ-த்ரூவை இதைவிட அதிகமாகக் கெடுத்த வாசகம் வேறில்லை. பந்தின் தலையில் பட்டு அது உருண்டு போனால், பக்கத்தில் நிற்கும் யாராவது “தலையைத் தூக்கிட்டீங்க” என்பார்கள். கேட்டவர் அடுத்த முறை பந்து போன பிறகும் தாடையை மார்பில் குத்திக்கொண்டு தரையையே பார்ப்பார். வலது தோள் வந்து தாடையில் முட்டும், மேற்கொண்டு திரும்ப இடமில்லாமல் உடம்பு நிற்கும், கைகள் மட்டும் தனியே பாயும். அடி இன்னும் மோசமாகும், கழுத்தும் வலிக்கும்.

பந்தை மேலே அடிப்பதற்கான காரணம் பெரும்பாலும் தலையில் இல்லை. முன்னே குனிந்திருந்த மார்பு நிமிர்ந்துவிட்டது, அல்லது இடுப்பு பந்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, அல்லது கைகள் சுருங்கிவிட்டன. மார்பு எழும்போது தலையும் சேர்ந்து எழுகிறது, பார்ப்பவர் கண்ணில் தலை மட்டும் படுகிறது. அன்னிகா சோரன்ஸ்டாமும் டேவிட் டுவாலும் பந்தைத் தொடும் நேரத்திலேயே இலக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிவிடுவார்கள். இருவருமே உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர்கள். தலை திரும்பலாம், எழக்கூடாது. வலது தோள் வந்து தாடையைத் தள்ளும்போது, குனிந்த கோணத்தை விடாமல், ஒரு கண்ணை மற்றதற்குக் கீழே வைத்தபடியே பந்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். பிறகு உடம்பு தானாக நிமிரும்.

ஃபினிஷைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

எடை வலது காலில் தங்கிப்போவது மிகவும் பரவலான கோளாறு. அடித்ததும் வலது காலில் பின்னால் ஒரு எட்டு வைத்துவிடுவார்கள். அயர்னில் பந்துக்கு முன்பே மண்ணைக் கொத்தும், அல்லது பந்தின் நடுவயிற்றில் விளிம்பு பட்டுத் தாழ்வாகப் பறக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசை. தூக்கும் வேலை உங்களுடையதல்ல. 7 அயர்னின் முகத்தில் சுமார் 30 டிகிரி சாய்வு எதற்கு வைத்திருக்கிறார்கள்? நீங்கள் பந்தைத் தாண்டித் தரையைத் தொட்டால் அந்தச் சாய்வு பந்தைத் தூக்கிக்கொள்ளும்.

இதற்கு நல்ல மருந்து நடந்து முடிப்பது. பந்து போனதும் வலது காலைத் தூக்கி இலக்கை நோக்கி ஒரு அடி நடந்துவிடுங்கள். கேரி பிளேயர் போட்டிகளிலேயே இப்படி நடந்து முடிப்பதற்குப் பேர் போனவர். எடை பின்னால் இருந்தால் இந்த அடியை எடுத்து வைக்கவே முடியாது, ஆகவே ஏமாற்ற வழியில்லை. 9 அயர்னில் பாதி வேகத்தில் தொடங்கி, பத்து முறை தடுமாறாமல் நடக்க முடிந்த பிறகு நீளமான கிளப்புக்குப் போங்கள்.

அடுத்தது சிக்கன் விங், பந்தைத் தொட்டதும் இடது முழங்கை மடங்கி இலக்கின் பக்கம் இறக்கை போல வெளியே துருத்திக்கொண்டு நிற்பது. பலரும் “கையை நேராக வை” என்று இதற்கு நேரடியாக வைத்தியம் பார்ப்பார்கள், பலிக்காது. முழங்கை மடங்குவது விளைவு. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும், பந்து பறக்கும் விதமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

பந்து வலப்பக்கம் கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால் கிளப்பின் முகம் திறந்து வருகிறது. பந்து வலப்பக்கம் போவதைத் தடுக்க உடம்பு கையை இழுக்கிறது. கிரிப்பைப் பாருங்கள். பந்தின் முன் நிற்கையில் இடது கையின் இரண்டு, இரண்டரை முட்டிகள் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள மடிப்பு வலது தோளைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முட்டி தெரிந்தால் கையை வலப்பக்கம் சற்றுச் சுழற்றிப் பிடியுங்கள். பல பேருக்குச் சிக்கன் விங்கில் பாதி இங்கேயே கரைந்துவிடும்.

பந்து உயரமாக, பலமில்லாமல் போய், நடுநடுவே மண்ணும் கொத்தினால் மணிக்கட்டால் அள்ளித் தூக்குகிறீர்கள். மேலே சொன்ன எடை விஷயத்தை முதலில் சரிசெய்யுங்கள். பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது, தோள்கள் இடுப்பை முந்திவிட்டன. இவர்களின் ஃபினிஷில் கைகள் தோளுக்குக் கீழே, மார்புக்கு நெருக்கமாக, இடப்பக்கம் இழுத்துக்கொண்டு முடியும். மேலிருந்து இறங்கும்போது இடது காலில் எடையை வைத்துக்கொண்ட பிறகே தோள் திரும்ப வேண்டும் என்ற வரிசை இவர்களுக்குப் பிடிபட வேண்டும்.

காரணம் எதுவானாலும் புதிய அசைவை உடம்புக்குக் காட்ட இரண்டு பயிற்சிகள் உதவும். முதலாவது, சிறு துண்டு ஒன்றை மடித்து இடது அக்குளில் செருகிக்கொண்டு வெட்ஜால், அதாவது முகம் அதிகம் சாய்ந்த குட்டையான கிளப்பால், இடுப்பளவு பேக்ஸ்விங், இடுப்பளவு ஃபாலோ-த்ரூ. பந்து 30, 40 மீட்டர் போனால் போதும். மார்பு நின்று கை மட்டும் ஓடினால் துண்டு பந்தருகிலேயே விழும். இரண்டும் சேர்ந்து திரும்பினால் அக்குளிலேயே இருக்கும். முழு ஸ்விங்கில் துண்டு விழுவது இயல்பு, அதனால் டிரைவரில் இதை முயல வேண்டாம். இரண்டாவது, வலது கையால் மட்டும் அடிப்பது. 9 அயர்னைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து, தாழ்வான டீயில் பந்தை வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கால்வாசி வேகத்தில் அடியுங்கள். பந்து போன பிறகு வலது கை முழுக்க நீளும் உணர்வு இதில் தெளிவாகக் கிடைக்கும். ஐந்தாறு பந்துக்கு மேல் வேண்டாம், மணிக்கட்டு களைத்துவிடும்.

தள்ளாடும் திசையும் பேசும். பந்து இருந்த பக்கம், கால்விரல்கள் மேல் விழப் பார்த்தால், டவுன்ஸ்விங்கில் தோளை வெளியே வீசியிருப்பீர்கள் அல்லது ஆரம்பத்திலேயே பந்துக்கு ரொம்பத் தள்ளி நின்றிருப்பீர்கள். குதிகால் பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் பந்துக்கு ரொம்ப நெருங்கி நின்றதுதான் காரணம்.

ஃபினிஷில் கிரிப்பையும் ஒரு தடவை பாருங்கள். இடது கையின் கடைசி மூன்று விரல்கள் ஆரம்பத்தில் பிடித்தபடியே இருக்க வேண்டும். அவை விரிந்து கிளப் உள்ளங்கையில் ஆடிக்கொண்டிருந்தால், பந்தைத் தொடும்போதும் அது நழுவியிருக்கக்கூடும். தேய்ந்து வழவழப்பான கிரிப் ரப்பரும் இதற்குக் காரணமாகலாம்.

நான்கு பயிற்சிகள், இந்த வரிசையில்

பின்னாலிருந்து கற்பது. பந்து இல்லாமல், முதலில் ஃபினிஷ் நிலையில் போய் நில்லுங்கள். ஷூ நுனி, பக்கிள், தோள், கை எல்லாம் சரிபார்த்து ஐந்து விநாடி நின்று அந்த உணர்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மெதுவாகக் கிளப்பை வந்த வழியே பந்துக்கும், பேக்ஸ்விங் உச்சிக்கும் கொண்டுபோய், நிற்காமல் திரும்பி அதே ஃபினிஷுக்கு வாருங்கள். பத்து முறை. சேர வேண்டிய இடம் முதலில் தெரிந்துவிட்டால் உடம்பு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஃபாலோ-த்ரூவே இல்லாதவர்களுக்கு நாம் முதலில் கொடுப்பது இதைத்தான்.

சத்தம் கேட்பது. டிரைவரைத் தலைகீழாகத் திருப்பி, தலைக்குப் பக்கத்து ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு, பந்து இல்லாமல் வீசுங்கள். ‘விஷ்ஷ்’ என்ற ஓசை எங்கே பலமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். வலது காதுப் பக்கம் கேட்டால் வேகத்தை மேலேயே செலவழித்துவிட்டீர்கள். பந்து இருக்க வேண்டிய இடத்திலும் அதைத் தாண்டி இடப்பக்கமும் கேட்க வேண்டும். இன்னும் பலமாகக் கேட்கவைக்கிறேன் என்று முறுக்காதீர்கள், ஓசையின் இடத்தை நகர்த்துவது மட்டுமே வேலை. கையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு ஓசை முன்னதாகவே வரும், பிடியைத் தளர்த்தினாலே இடம் மாறுவதைக் கேட்கலாம்.

தள்ளுவது. 7 அயர்னின் முகத்தைப் பந்துக்குப் பின்னால் ஒட்டிவைத்து, பேக்ஸ்விங்கே இல்லாமல், இடுப்பையும் மார்பையும் திருப்பிப் பந்தைப் புல்லின் மேல் இலக்கை நோக்கித் தள்ளுங்கள். தள்ளி முடித்ததும் கைகள் நீண்டு, மார்பு இலக்கைப் பார்க்க நில்லுங்கள். வெறும் கையால் தள்ளினால் பந்து இடப்பக்கம் விலகிப்போகும். இது பயிற்சிக்கு மட்டும். ஆட்டத்தில் பந்தைத் தள்ளுவதோ அள்ளுவதோ விதிப்படி கூடாது, அடிக்கத்தான் வேண்டும்.

பாதி ஸ்விங். பேக்ஸ்விங்கில் இடது கை தரைக்கு இணை, ஃபாலோ-த்ரூவில் வலது கை தரைக்கு இணை, அங்கே நிறுத்துங்கள். இரு பக்கமும் கையும் ஷாஃப்ட்டும் ‘ட’ எழுத்தைப் போல மடிந்திருக்க வேண்டும். 8 அயர்னில் இருபது பந்து. இதில் நேராகப் போகாத பந்து முழு ஸ்விங்கில் நேராகப் போகாது. பெரும்பாலோர் சலிப்படைந்து இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். முன்னேற்றம் ஒளிந்திருப்பது இங்கேதான், தாண்டாதீர்கள்.

ஷாட்டுக்கு ஷாட் மாறும் அளவு

குழி இருக்கும் பசும்புல் திடலுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சிறு அடியான சிப் ஷாட்டில் முழு ஃபினிஷ் கிடையாது, ஆனாலும் ஃபாலோ-த்ரூ உண்டு. பெரிதாகப் பின்னால் எடுத்துவிட்டு, ‘ஐயோ, அதிகமாகப் போய்விடுமே’ என்று பந்தருகில் வேகத்தைக் குறைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. மருந்து எளிது: பேக்ஸ்விங்கைச் சுருக்குங்கள், முன்னால் போவது அதே அளவோ சற்று அதிகமோ இருக்கட்டும். முடிவில் கிளப் தலை கைகளை முந்திக்கொண்டு மேலே வளைந்திருந்தால் மணிக்கட்டு மடங்கிவிட்டது. கிளப்பும் இடது கையும் ஒரே கோடாக, தாழ்வாக முடிய வேண்டும்.

பங்கரில், அதாவது மணல் குழியில்தான் ஃபாலோ-த்ரூ இல்லாமல் பிழைக்கவே முடியாது. கிளப் பந்தைத் தொடுவதில்லை, பந்துக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் மணலுக்குள் இறங்கி மணலையே வெளியே எறிகிறது, பந்து அதன் மேல் ஏறிக்கொண்டு போகிறது. மணல் வேகத்தை அப்படியே விழுங்கிவிடும் என்பதால், மணலைக் குத்தியதும் நிறுத்துபவரின் பந்து பங்கருக்குள்ளேயே கிடக்கும். கைகள் குறைந்தது மார்பளவுக்கு வந்து முடிய வேண்டும், கிளப்பின் முகம் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பந்தை வைக்காமல் மணலில் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்து மணலை வெளியே வீசிப் பத்து முறை முழுசாக முடித்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் மணல் பறக்கிறதோ அவ்வளவுக்கு நம்பிக்கை வரும்.

பட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியில், அளவுகள் சிறியவை, விதி அதேதான். பந்தைத் தொட்டதும் தட்டி நிறுத்தினால் முகம் அரை டிகிரி, ஒரு டிகிரி திரும்பிவிடும், நீளமான பட் என்றால் குழி தப்ப அது போதும். பின்னால் போன அளவுக்காவது முன்னால் போகட்டும், போன இடத்திலேயே ஒரு நொடி நிற்கட்டும், அப்போது முகம் எங்கே பார்க்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்றே ஃபினிஷைக் குறைக்கும் சமயங்களும் உண்டு. எதிர்க்காற்றிலோ மரக்கிளைக்குக் கீழேயோ தாழ்வாக அடிக்கும்போது கைகள் மார்பளவில் நிற்கும். டாமி ஃப்ளீட்வுட் இந்தக் குறுகிய ஃபினிஷாலேயே அடையாளம் காணப்படுபவர். ஆனால் அவர் எடையையும் மார்பையும் நிறுத்துவதில்லை, கை மட்டுமே குறுகி முடிகிறது. ஆர்னால்டு பால்மர் கிளப்பைத் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போலச் சுழற்றி முடித்தார், பந்து இடப்பக்கம் வளையாமல் இருக்க. கைகள் முடியும் இடம் ஆளுக்கு ஆள் மாறலாம். எடை இடது காலில் முடிவதும், மார்பு நிற்காமல் திரும்புவதும் இவர்கள் யாரிடமும் மாறவில்லை. யாரையாவது பார்த்துப் பழகுவதென்றால் அந்த இரண்டையும் பார்த்துப் பழகுங்கள்.

உடம்பு இடம் கொடுக்காவிட்டால்

இடது இடுப்பு மூட்டு உள்பக்கமாகச் சுழலாவிட்டால் என்னதான் முயன்றாலும் பக்கிள் இலக்கைப் பார்க்காது. கட்டாயப்படுத்தினால் சுமை முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் இறங்கும். இடது பாதத்தை ஆரம்பத்திலேயே இலக்கின் பக்கம் 20 முதல் 30 டிகிரி திருப்பி வைத்தால் அந்த அளவுக்கு இடுப்புக்கு இடம் கிடைக்கும், இது வயதானவர்களுக்கு உடனே தெரியும் மாற்றம். அதிலும் போதாவிட்டால் ஃபினிஷில் இடது பாத நுனியைச் சுழலவிடுங்கள், தவறில்லை. முதல் பந்துக்கு முன் ஐந்து நிமிடம் இடுப்பையும் மேல்முதுகையும் திருப்பிச் சூடேற்றுங்கள். பிறகு மெதுவாக முழு ஃபினிஷ் வரை பத்து ஸ்விங். கீழ்முதுகில் கூர்மையான வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், ‘இன்னும் கொஞ்சம் திரும்பினால் சரியாகிவிடும்’ என்று நினைக்காதீர்கள்.

போனில் படமெடுத்துச் சரிபார்க்க

ஸ்லோ மோஷனில், விநாடிக்கு 120 அல்லது 240 படங்கள் வேகத்தில் எடுங்கள். சாதாரண வேகத்தில் பந்துக்கு அப்புறம் எல்லாமே மங்கலாகத்தான் இருக்கும். போன் உங்கள் கைகளின் உயரத்தில், அசையாத ஸ்டாண்டில் இருக்கட்டும். தரையில் சாய்த்து வைத்தால் கோணம் பொய் சொல்லும். முதலில் நேர் எதிரே வைத்து எடுங்கள், அதில் எடையும் முழங்கையும் தெரியும். பிறகு பின்னால், கைகளிலிருந்து இலக்குக்குப் போகும் கோட்டில் வைத்து எடுங்கள், அதில் கிளப் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பதும் மார்பு எப்போது நிமிர்கிறது என்பதும் தெரியும்.

மூன்று இடத்தில் படத்தை நிறுத்துங்கள்: பந்துக்குப் பிறகு ஷாஃப்ட் தரைக்கு இணையாகும் இடம், வலது கை தரைக்கு இணையாகும் இடம், ஃபினிஷ். முதல் இடத்தில் கோளாறு இருந்தால் மற்ற இரண்டையும் அன்றைக்குப் பார்க்கவே வேண்டாம். முதலாவதைத் திருத்தினால் அவை தாமாக மாறும். ஒரு பயிற்சி வேளையில் ஒரே ஒரு திருத்தம், பந்து இல்லாமல் மூன்று ஸ்விங்குக்குப் பந்தோடு ஒன்று என்ற கணக்கில், நாற்பது ஐம்பது பந்துக்குள் முடித்துவிடுங்கள். மைதானத்தில் ஆடும் நாளில் இந்தப் பட்டியல் எதுவும் தலையில் இருக்கக் கூடாது. பந்துக்குப் பின்னால் நின்று ஃபினிஷ் வரை ஒரு ஒத்திகை ஸ்விங் போட்டுவிட்டு, பந்தருகே போனதும் அந்த ஃபினிஷுக்குப் போய்ச் சேருவதை மட்டும் நினைத்து அடியுங்கள்.